நாட்டுக்குக் குடிமகன், லீக்குக்கு அயலான்

2024 மே 5 அன்று சுவொன் நகர அரங்கில், பூசான் கேசிசி ஈஜிஸ் அணி கொரியத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான கேபிஎல்லின் சாம்பியன் பட்டத்தை வென்றது. லீக் சுற்றில் ஐந்தாம் இடம் பெற்ற ஓர் அணி பட்டம் வென்றது அந்த லீக்கின் வரலாற்றில் அதுவே முதன்முறை. அந்த வெற்றியைத் தாங்கி நின்றவர்களுள் ஒருவர் ரா கொன்-ஆ. கொரியக் குடிமகன், ஆறு ஆண்டுகள் அந்நாட்டுத் தேசிய அணியின் நடுவரணாக விளங்கியவர். அந்த மே மாதம் முடிவதற்குள் லீக்கின் வாரியம் கூடியது. அடுத்த பருவம் முதல் அவர் அயல்நாட்டு வீரர்களுக்குரிய விதிகளின்படியே ஆட வேண்டும் என்று முடிவெடுத்தது. நாட்டின் சட்டத்தின்படி அவர் கொரியர். லீக்கின் பட்டியலில் அயலார்.

இதனை ஒரு விளையாட்டு அமைப்பின் உள்விவகாரம் என்று ஒதுக்குவோரை நோக்கியே இதை எழுதுகிறேன். ‘போட்டிச் சமநிலை’ என்ற சொல்லைக் கேட்டவுடன் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவோரை நோக்கியும் எழுதுகிறேன். கொரியச் சமூகத்தைப் பற்றி ஆய்வு செய்வோரும் இதிலிருந்து தப்ப முடியாது. 2008 ஆம் ஆண்டின் பல்பண்பாட்டுக் குடும்பங்கள் ஆதரவுச் சட்டத்தில் தொடங்கி, 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் கொரியச் சீருடை அணிந்த, புதிதாகக் குடியுரிமை பெற்ற வீரர்கள் வரை ஒரு நேர்கோடு வரைந்து, ‘ஒற்றை இனத் தேசம் என்ற கற்பிதம் உடைந்து வருகிறது’ என்று முடிப்பது எளிது. அந்தக் கோட்டின் மறுமுனையில் சம்பளப் பட்டியலும் ஒப்பந்தத் தாளும் இருக்கின்றன. அவற்றைப் படிக்காமல் குடியுரிமையைப் பற்றிப் பேசுவது பாதி ஆய்வு.

என் வாதம் இதுதான்: கேபிஎல் பயன்படுத்தும் ‘அயல்நாட்டு வீரர்’ என்ற வகைப்பாட்டுக்கும் ஒருவரின் நாட்டுரிமைக்கும் உறுதியான தொடர்பு ஏதும் இல்லை. பத்து அணிகளின் உரிமையாளர்கள் தம்முள் போட்டியை ஒழுங்குபடுத்திக்கொள்ள, ஆடுபவரின் உடல்மீது ஒட்டும் சீட்டு அது. தேவைக்கேற்ப ஒட்டுவார்கள், தேவைக்கேற்பக் கிழிப்பார்கள். இதை நிறுவ லீக்கின் முழு வரலாறும் வேண்டியதில்லை. கேசிசி என்ற ஒரே அணியின் வரலாறு போதும்.

முதலில் அந்த அணியையே பாருங்கள். கேசிசி என்பது வண்ணப்பூச்சும் கட்டுமானப் பொருள்களும் தயாரிக்கும் நிறுவனம். தேஜொன் நகரில் இருந்த ஹூண்டாய் அணியை 2001 இல் எடுத்துக்கொண்டு ஜொன்ஜு நகருக்குக் கொண்டுசென்றது. அங்கே 22 ஆண்டுகள் ஆடியது. 1973 இல் கட்டப்பட்ட பழைய அரங்குக்கு மாற்றாகப் புதிய அரங்கு கட்டித் தருவதாக நகர நிர்வாகம் அளித்த வாக்குறுதி இழுபட்டுக்கொண்டே போனது. 2023 ஆகஸ்டு இறுதியில் அணி பூசானுக்கு மாற வாரியம் அனுமதி தந்தது. அடுத்த வசந்தத்துக்குள் அது ‘பூசானின் பெருமை’ ஆகிவிட்டது. 1997 இல் லீக்கின் முதல் பட்டத்தை வென்ற கியா அணியின் ஊர் பூசான். அந்த அணி 2001 இல் உல்சானுக்குப் போனது. பின்னர் வந்த கேடி அணி 2021 இல் சுவொனுக்குப் போனது. மூன்றாவதாக வந்த அணியையும் நகரம் மனமார ஏற்றுக்கொண்டது. இதில் ரசிகர்களைக் குறைகூற ஏதுமில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றே. ஒரு பெருநிறுவனம் ஒரே இலையுதிர் காலத்தில் மண்ணின் மைந்தனாகிவிடலாம். அந்த நிறுவனத்துக்காக ஓடி வியர்த்த மனிதர் ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஆக முடியாது.

இனி உடல்களுக்கு வருவோம். 2018 இல் கேபிஎல் ஒரு விதியைக் கொண்டுவந்தது: உயரமான அயல்நாட்டு வீரர் 200 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, குட்டையானவர் 186 ஐத் தாண்டக் கூடாது. ஆட்டம் வேகமாகும், புள்ளிகள் கூடும், உள்நாட்டு வீரர்கள் ஒளிர்வார்கள் என்றார்கள். அந்த ஏப்ரலில் வீரர்கள் அளவுகோலின் முன் நிறுத்தப்பட்டனர். அந்தப் பருவத்தில் புள்ளிக் குவிப்பில் முதலிடம் பெற்றிருந்த ஆன்யாங் அணியின் டேவிட் சைமன் 202.1 சென்டிமீட்டர் என்று பதிவானார். வாழ்வளித்த லீக் அவருக்குக் கதவைச் சாத்தியது. கேசிசியின் சார்லஸ் ரோட்ஸ் 199.2 என்று பதிவானார். மகிழ்ச்சி தாளாமல் கொண்டாடினார். ஒரு தொழிலாளி தான் போதிய அளவு குட்டையாக இருப்பதற்காக நன்றி செலுத்தும் காட்சியை உலகச் செய்தி நிறுவனங்கள் வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன.

அதே பருவத்தில், அதே கேசிசி அணியில், ரோட்ஸின் பக்கத்தில் நின்றவர் ஹா சுங்-ஜின். என்பிஏவில் ஆடிய முதல் கொரியர். 2008 இல் கேசிசி அவரை டிராஃப்டின் முதல் தேர்வாக எடுத்தது. அவருடைய உயரம் 221 சென்டிமீட்டர். அவர்மீது எந்த அளவுகோலும் வைக்கப்படவில்லை; வைத்திருக்கவும் கூடாது. ஆனால் ஆட்டத்தின் வேகத்தைக் கெடுப்பது உயரம்தான் என்றால், 221 சென்டிமீட்டர் கெடுக்காத வேகத்தை 202.1 எப்படிக் கெடுக்கும்? விதி அளந்தது உயரத்தையன்று. அந்த உயரம் யாருடையது என்பதையே. விதி ஒரே பருவத்தில் செத்தது; 2019-20 பருவத்தில் நீக்கிவிட்டார்கள். அதை உருவாக்கிய மனநிலைக்கு அதற்கு முன்பே ஒரு வரலாறு இருந்தது. பின்பும் அது வேறு வடிவங்களில் தொடர்ந்தது.

முன்வரலாறு 2009 இல் இருக்கிறது. கொரியத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்து வெளிநாட்டில் வளர்ந்த வீரர்களுக்கென்று அந்த ஆண்டு லீக் தனி டிராஃப்ட் நடத்தியது. முதல் தேர்வு கேசிசிக்கு. எடுக்கப்பட்டவர் அட்லாண்டாவில் வளர்ந்த டோனி ஏக்கின்ஸ். ஜொன் தே-புங் என்ற பெயருடன் கொரியக் குடிமகனாகி, 2010-11 பருவத்தில் கேசிசி பட்டம் வென்றபோது அணியின் ஆட்டத்தை நடத்தியவர் அவர். இந்த வீரர்களுக்கு மட்டும் லீக் ஒரு விதி வைத்திருந்தது: மூன்று ஆண்டுகள் ஓர் அணியில் ஆடியபின், அத்தகைய வீரர் இதுவரை கிடைக்காத வேறோர் அணிக்கு அவர் போயாக வேண்டும். 2012 இல் ஜொன் தே-புங் ஜொன்ஜுவை விட்டு கோயாங் நகர அணிக்குப் போனார். உடன் தேர்வான லீ சுங்-ஜுனும் மூன் தே-யோங்கும் அவ்வாறே இடம் மாறினர். ஊர் ரசிகர்கள் விரும்பினார்களா, வீரர் விரும்பினாரா என்பதெல்லாம் கணக்கில் இல்லை. பாதி இரத்தம் கொரியம் என்பது அவர்களை உள்ளே கொண்டுவந்தது. மறுபாதி அவர்களைப் பங்கிட்டுக்கொள்ளத்தக்க பொதுச்சொத்தாக்கியது. குடிமக்களைப் பத்து முதலாளிகள் முறைவைத்துச் சுற்றுக்கு விட்டதை ‘நியாயமான பகிர்வு’ என்று அழைத்தார்கள்.

ரா கொன்-ஆவின் கதை இந்தத் தொடர்ச்சியின் உச்சம். ரிக்கார்டோ ராட்லிஃப் என்ற பெயரில் 2012 இல் உல்சான் மோபிஸ் அணிக்கு வந்த அமெரிக்கர். முதல் மூன்று பருவங்களிலும் பட்டம் வென்றார். 2017 தொடக்கத்தில், தமக்குக் கொரியக் கடவுச்சீட்டு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவரே. 2018 ஜனவரியில் தனித்திறன் கொண்டோருக்கான சிறப்புக் குடியுரிமை வழங்கப்பட்டது. கொரிய வழக்கப்படி புதிய குடும்பப் பெயரையும் அதன் பூர்வீக ஊரையும் பதிவுசெய்து, ‘யோங்இன் ரா’ குலத்தின் முதல்வரானார். ஒரு குலமரபையே தொடங்கிவைப்பதைவிட ஒருவர் ஒரு சமூகத்துக்குள் எவ்வளவு ஆழமாக நுழைய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

நாட்டுக்கு அவர் கொடுத்ததற்கும் குறைவில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலம். 2019 உலகக் கோப்பையில் ஐவரி கோஸ்டை வென்று, 25 ஆண்டுகளாகக் கொரியா உலகக் கோப்பையில் ஓர் ஆட்டமும் வெல்லாதிருந்த நிலையை முடித்த அணியின் முதன்மை வீரர். அத்தொடரில் ஆட்டத்துக்குச் சராசரி 23 புள்ளிகள். அதே காலத்தில் லீக் அவரை எப்படி நடத்தியது? குடியுரிமை பெற்றவுடன் அவருக்கென்று ஒரு தனி ஏலம். மூன்று அணிகள் கேட்டன. குலுக்கலில் மோபிஸுக்கு விழுந்தார். 2019 நவம்பரில் கேசிசிக்கு மாற்றப்பட்டார். களத்தில் அவர் அயல்நாட்டு வீரராகவே எண்ணப்பட்டார். அவர் ஆடும்போது அணியின் மற்ற அயல்நாட்டு வீரர் வெளியே அமர்ந்தார். 2018-19 பருவத்தின் முடிவில் லீக் அவருக்கு ஒரு விருது கொடுத்துக் கௌரவித்தது. விருதின் பெயர்: சிறந்த அயல்நாட்டு வீரர். தேசியச் சீருடையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கொரியக் குடிமகனின் கையில் அந்தப் பட்டயத்தைக் கொடுத்தபோது மேடையில் எவருக்கும் கூச்சம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. 2020 ஜனவரியில், தமக்கு வந்துகொண்டிருந்த நிறவெறி வசவுகளை அவரே இன்ஸ்டாகிராமில் வெளியிட்டார். வசவு எழுதியவர்களை எல்லாரும் கண்டித்தார்கள். ஆனால் அவர்கள் கொச்சையாகச் சொன்னதைத்தான் லீக்கின் விதிப்புத்தகம் நாகரிகமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

இனி இதன் மறுபக்கம். 2020 இல் ஜப்பானியர்களுக்கும் 2022 இல் பிலிப்பைன்ஸ் வீரர்களுக்கும் லீக் ‘ஆசிய ஒதுக்கீடு’ என்ற வாயிலைத் திறந்தது. வரவேற்கத்தக்க நடவடிக்கை. அவ்வாயில் வழியே வருவோர் அயல்நாட்டு வீரர் எண்ணிக்கையில் சேர்வதில்லை. உள்நாட்டு வீரர் என்ற கணக்கிலேயே ஆடுகிறார்கள். 2024 ஏப்ரலில், 2023-24 பருவத்தின் சிறந்த உள்நாட்டு வீரர் விருதைப் பெற்றவர் வொன்ஜு அணியின் ஈதன் அல்வானோ. பிலிப்பைன்ஸ் குடியுரிமையோடு ஆடவந்தவர். அவருடைய ஆட்டம் அந்த விருதுக்கு முற்றிலும் தகுதியானது. ஆனால் இரண்டு விருதுகளையும் அருகருகே வையுங்கள்: 2019 இல் சிறந்த ‘அயல்நாட்டவர்’ ஒரு கொரியர், 2024 இல் சிறந்த ‘உள்நாட்டவர்’ ஒரு பிலிப்பினோ. அந்த மே மாதம் பட்டம் வென்ற கேசிசி அணியிலும் இதே முரண். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த கெல்வின் எபிஸ்டோலா உள்நாட்டவராக ஆடினார். கொரியரான ரா கொன்-ஆ அயலவராக ஆடினார். இதற்குப் பிறகும் இந்த வகைப்பாடு குடியுரிமையைக் குறிக்கிறது என்று வாதிட விரும்புவோர் முதலில் இந்த இருவரின் கடவுச்சீட்டுகளையும் படித்துவிட்டு வரட்டும்.

எதிர்வாதங்களை நான் அறிவேன். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது: ‘அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார், நிபந்தனைகள் தெரிந்தே இட்டார்.’ உண்மை. லீக், கூடைப்பந்துச் சங்கம், அணி எல்லாம் சேர்ந்து வகுத்த ஏற்பாடு அது. அதற்குரிய பணமும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அந்த ஒப்பந்தம் 2024 மே மாதத்தோடு முடிந்தது. ஒப்பந்தம் முடிந்தபின் ஒருவரிடம் எஞ்சுவது என்ன? சிறப்பு ஏற்பாடு போய்விட்டால் எஞ்சுவது வெறும் குடிமகன். வெறும் குடிமகன் உள்நாட்டு வீரராகத்தான் இருக்க முடியும். வாரியமோ நேரெதிர்த் திசையில் போனது. ஒப்பந்தத்தைச் சாட்சிக்கு அழைப்போர், அது காலாவதியான பிறகு நடந்ததற்கு அதைச் சாட்சியாக்க முடியாது.

இரண்டாவது: ‘அவரிடம் அமெரிக்கக் குடியுரிமையும் இருக்கிறதே.’ இருக்கலாம். தனித்திறனாளர்கள் பழைய குடியுரிமையை வைத்துக்கொள்ள வழிசெய்யும் வகையில் 2010 இல் தன் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது கொரிய அரசே. அதே சட்டம், பல நாட்டுரிமை கொண்டவர் கொரியச் சட்டங்கள் பொருந்தும் இடங்களில் கொரியராக மட்டுமே நடத்தப்படுவார் என்றும் கூறுகிறது. ‘மட்டுமே’ என்ற அந்தச் சொல் தற்செயலாக விழுந்ததன்று. அரசு அவரைப் பாதிக் கொரியர் என்று சொல்லவில்லை. ஒரு தனியார் லீக் சொல்கிறது.

மூன்றாவது வாதம் வலுவானது: ‘199 சென்டிமீட்டர் உயரமும் லீக்கின் வரலாற்றிலேயே மிகுதியான ரீபவுண்டுகளும் கொண்ட ஒருவரை உள்நாட்டவராகக் கணக்கிட்டால், அவரோடு இன்னோர் அயல்நாட்டு வீரரையும் ஒரே நேரத்தில் களமிறக்கும் அணி மற்ற ஒன்பதையும் நசுக்கிவிடும்.’ சமநிலை ஒரு பொய்க்கவலை என்று நான் சொல்லவில்லை. பத்தே அணிகள் உள்ள, உயரமான வீரர்கள் அரிதான ஒரு லீக்கில் அது உண்மையான கவலை. ஆனால் அந்தக் கவலை யார் விஷயத்தில் விழித்துக்கொள்கிறது, யார் விஷயத்தில் உறங்குகிறது என்று பாருங்கள். 2019-20 பருவத்தின் சிறந்த வீரர் ஹொ ஹுன். அதற்கு அடுத்த பருவத்தில் சோங் க்யோ-சாங். அதற்கும் அடுத்த பருவத்தில் சே ஜுன்-யோங். தொடர்ந்து மூன்று பருவங்களின் சிறந்த உள்நாட்டு வீரர்கள். 2025 கோடையில் ஹொ ஹுன் வந்து சேர்ந்தபோது இந்த மூவரும் ஒரே அணியின் வீரர்கள் ஆனார்கள். அந்த அணியும் கேசிசிதான். ஹொ ஹுனின் அண்ணன் ஹொ உங் ஏற்கெனவே அங்கே இருந்தார். ஊடகங்கள் ‘சூப்பர் டீம்’ என்று கொண்டாடின. மூவரில் ஒருவரையாவது வேறு அணிக்குச் சுற்றில் அனுப்ப வேண்டும் என்று எந்த வாரியமும் கூடவில்லை. ஊதிய உச்சவரம்பு இருக்கிறது, அதற்குள் எப்படியோ சமாளித்துக்கொள்ளுங்கள் என்பதே விதி. மூன்று சிறந்த வீரர்களைக் கட்டுப்படுத்த ஊதிய வரம்பு போதுமென்றால் ரா கொன்-ஆவைக் கட்டுப்படுத்தவும் அது போதும். அவருடைய முழு ஊதியத்தையும் உள்நாட்டு வரம்புக்குள் எழுதுங்கள். அவரை வைத்துக்கொள்ள விரும்பும் அணி வேறு யாரையேனும் இழக்கட்டும். சமநிலை பணத்தின் வழியாகக் கிடைக்கும். பிறப்பின் வழியாகத்தான் கிடைக்க வேண்டும் என்று அடம்பிடிப்பதற்குச் சமநிலை என்று பெயரில்லை.

நான்காவது: ‘உள்நாட்டு மைய வீரர்களின் வேலைவாய்ப்பைக் காக்க வேண்டாமா?’ காக்க வேண்டும். ஆனால் அந்த வாக்கியத்தில் ‘உள்நாட்டு’ என்ற சொல்லுக்குள் யார் என்பதுதானே வழக்கு. தீர்ப்பையே சாட்சியமாகக் கொண்டுவந்தால் எப்படி? காக்கப்பட வேண்டிய வேலைகளுள் ஒன்று ரா கொன்-ஆவினுடையதும்தான். 2024-25 பருவத்தில் அவர் கேபிஎல்லில் ஆடவில்லை. 2025 இல் தேகு நகர அணி அவரை எடுத்தது; அயல்நாட்டு வீரருக்கான இடத்தில்.

இங்கே ஓர் அமைப்புசார் உண்மையையும் சொல்லியாக வேண்டும். இந்த முடிவுகளை எடுக்கும் வாரியத்தில் அமர்ந்திருப்போர் பத்து அணிகளின் நிர்வாகத் தலைவர்கள். அவர்கள் வேலை கொடுப்பவர்கள். வகைப்படுத்தப்படுபவர் வேலை செய்பவர். அணிகளுக்கிடையே நியாயம் என்பது அந்த மேசையில் எப்போதும் முதலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான நியாயமாகவே அளக்கப்படும். அந்த நியாயத்தின் செலவை மேசையில் இடமில்லாதவர் தலையில் எழுதுவது மிக எளிது. நிறம் அந்தக் கணக்கை இன்னும் எளிதாக்குகிறது, அவ்வளவே.

ஆய்வாளர்களான நமக்கு இதில் என்ன வேலை? குடியுரிமையை வழங்கும் தருணத்தோடு நம் ஆய்வுகள் நின்றுவிடுகின்றன. புகைப்படம் எடுக்கிறார்கள், புதிய பெயர் சூட்டுகிறார்கள், தேசிய கீதம் ஒலிக்கிறது. நாமும் அத்துடன் அத்தியாயத்தை முடித்துவிடுகிறோம். ஆனால் ஒரு குடியுரிமையின் கனம் அது கிடைத்த நாளில் தெரிவதில்லை; ஒப்பந்தம் முடிந்து முழங்கால் தேய்ந்த பிறகு, வேலை தேடும் நாளில்தான் தெரியும். இந்தியக் கால்பந்திலும் வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட வம்சாவளி வீரர்களைத் தேசிய அணியில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. அதை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் கோல்களைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த வீரர் ஆடி முடித்தபின் இங்கே யாராக இருப்பார் என்ற கேள்வியை எவரும் கேட்பதில்லை. கொரியாவிலிருந்து நாம் கற்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

கேபிஎல் செய்ய வேண்டியது சிக்கலானதன்று. ஆடுபவரின் கடவுச்சீட்டில் கொரியர் என்று இருந்தால் பட்டியலிலும் கொரியர் என்று எழுத வேண்டும். சிறப்புக் குடியுரிமை, வம்சாவளி, கலப்பு என்ற அடைமொழிகளை விதிப்புத்தகத்திலிருந்து நீக்க வேண்டும். சமநிலைக்கான கட்டுப்பாடுகள் எல்லா வீரருக்கும் ஒரே ஊதியக் கணக்கில் பொருந்த வேண்டும். இவை நடந்தால் ஓரிரு பருவங்களுக்கு ஏதோ ஓர் அணி கூடுதல் வலுவோடு இருக்கும். மூன்று சிறந்த வீரர்கள் ஒரே அணியில் இருப்பதைத் தாங்கிக்கொண்ட லீக் இதையும் தாங்கிக்கொள்ளும். அதுவரை, கொரியாவின் விளையாட்டுக் களங்களைப் பல்பண்பாட்டின் சான்றாக மேற்கோள் காட்டும் எந்தக் கட்டுரையும் யோங்இன் ரா குலத்தின் முதல்வர் எந்தப் பட்டியலில் நிற்கிறார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.